சர்க்கரை நோயின் மனப்பாரமும் வி.ஆர். கருவியும்: நம் எல்லை ஊர்களில் கேட்கும் கேள்விகள்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி போடும் முறை, உணவு, கால் பராமரிப்பு ஆகியவற்றைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வீட்டில் தமிழ் பேசி, மருந்துச் சீட்டை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வாங்கி வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அண்மைக் காலமாக, கண்ணில் மாட்டும் வி.ஆர். (வர்ச்சுவல் ரியாலிட்டி) கருவியில் தியானம் செய்தால் சர்க்கரைக்கு நல்லதாமே என்று பலரும் கேட்கிறார்கள். கோயம்புத்தூரில் படிக்கும் பிள்ளைகள் வாங்கி வந்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சர்க்கரை உடம்பில் வரும் நோய்தானே, அதில் மனத்துக்கு என்ன வேலை?

இந்த நோய்க்கு ஒரு நாளும் விடுமுறை இல்லை. காலையில் விரலைக் குத்திப் பார்ப்பது, மாத்திரையை நினைவில் வைப்பது, தட்டில் விழும் ஒவ்வொரு கரண்டியையும் எண்ணுவது, காலில் புண் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது என ஆயுள் முழுக்கத் தொடரும் வேலை இது. இத்தனையும் செய்த பிறகும் ரிப்போர்ட்டில் எண் ஏறியிருந்தால் மனம் விட்டுப்போகிறது. இந்தப் பாரத்தை ‘நீரிழிவு உளைச்சல்’ என்ற பெயரில் மருத்துவ உலகம் தனியாகவே கவனிக்கிறது. 1995இல் அமெரிக்காவின் ஜோஸ்லின் நீரிழிவு மையத்தைச் சேர்ந்த வில்லியம் பொலான்ஸ்கியும் சகாக்களும் இதை அளக்க 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். 2005இல் அவரும் லாரன்ஸ் ஃபிஷர் உள்ளிட்டோரும் 17 கேள்விகள் கொண்ட இன்னொரு படிவத்தைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண் போட வேண்டும். சராசரி 2ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய நிலை, 3ஐத் தொட்டால் கடுமையான நிலை.

அந்த இரண்டாவது படிவம் உளைச்சலை நான்கு வகையாகப் பிரிக்கிறது. நோயே தரும் சலிப்பும் பயமும் ஒன்று. மருத்துவர் நம் பேச்சைக் காதில் வாங்கவில்லை என்ற குறை இன்னொன்று. சாப்பாடு, மருந்து, பரிசோதனை என்ற தினசரிக் கெடுபிடி மூன்றாவது. சுற்றியிருப்பவர்களால் வரும் வருத்தம் நான்காவது. நம் ஊரில் நான்காவதுதான் ஆளை அதிகம் அரிக்கிறது என்பது என் கணிப்பு. கல்யாணப் பந்தியில் பாலடைப் பாயசம் வரும்போது ஒரு பெரியம்மா, “ஒரு நாள் குடித்தால் ஒன்றும் ஆகாது, குடி கண்ணு” என்பார். எதிர் வரிசையிலிருந்து ஒரு சித்தப்பா, “அவளுக்கு ஊற்றாதே, அவளுக்குச் சர்க்கரை” என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்வார். இரண்டு பேருமே அன்பில்தான் பேசுகிறார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கோ இலையிலிருந்து எழுந்து போய்விட வேண்டும் போல இருக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இண்டியாப்’ என்ற, 2023இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. கேரளத்தில் வயதுவந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இருக்கிறது. இத்தனை பேரிடமும் “சர்க்கரை எவ்வளவு?” என்று கேட்கிறோம். “இதை வைத்துக்கொண்டு எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

அப்படியானால் இது மனச்சோர்வு நோயா?

இரண்டும் வேறு. நீரிழிவு உளைச்சல் நோயைச் சுற்றியே வரும். சாப்பாடு, ஊசி, ரிப்போர்ட் என்ற பேச்சு வந்தால் முகம் வாடும், பேரக்குழந்தை வந்தால் மலரும். மனச்சோர்வில் எதிலுமே நாட்டம் இருக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, யாரோடும் பேசப் பிடிக்காமல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் அது மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டிய நிலை. அந்த இடத்தில் வி.ஆர். கருவியை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. ஒருவருக்கே இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

கவலைப்பட்டால் சர்க்கரை ஏறும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பதற்றம் வந்தால் உடம்பு அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கிறது. ஆபத்திலிருந்து ஓடுவதற்குச் சக்தி வேண்டும் என்று கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. இன்சுலினின் வேலையும் அப்போது மந்தமாகிறது. நாமோ ஓடுவதில்லை, நாற்காலியில் உட்கார்ந்தே கவலைப்படுகிறோம். அந்தச் சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கிறது.

இதைவிடப் பெரிய பாதிப்பு மறைமுகமாக வருவது. மனம் வெறுத்தவர் மாத்திரையைத் தள்ளிப்போடுவார், பரிசோதனைக்குப் போகமாட்டார், நடப்பதை நிறுத்திவிடுவார். “பார்த்தால் ஏறித்தான் இருக்கும், எதற்குப் பார்க்க?” என்று ஒருவர் சொன்னால் அவருடைய குளுக்கோமீட்டரில் பழுது இல்லை, மனம் களைத்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

வி.ஆர். கருவியில் அப்படி என்னதான் தெரியும்?

கண்ணை முழுக்க மூடும் ஒரு பெட்டி. உள்ளே இரண்டு வில்லைகள், அவற்றுக்குப் பின்னால் திரை. இரண்டு கண்ணுக்கும் சற்றே மாறுபட்ட படம் காட்டுவதால் ஆழம் தெரிகிறது. தலையை இடப்பக்கம் திருப்பினால் காட்சியின் இடப்பக்கம் வரும், அண்ணாந்தால் வானம் தெரியும். மெய்நிகர் என்று புத்தகங்களில் எழுதுவது இதைத்தான்.

அதில் கவனப் பயிற்சி என்றால், ஓர் ஏரிக்கரையோ காடோ சுற்றிலும் விரிந்திருக்கும். ஒரு குரல் மூச்சைக் கவனிக்கச் சொல்லும். சில செயலிகளில் ஒளிவட்டம் ஒன்று மெல்லப் பெரிதாகிச் சுருங்கும், அதோடு சேர்த்து மூச்சை இழுத்து விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் நிதானமாக மூச்சு விடும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது, பதற்றமும் இறங்குகிறது. எண்ணம் வேறு பக்கம் ஓடினால் திட்டிக்கொள்ளாமல் மீண்டும் மூச்சுக்கு வர வேண்டும். மைண்ட்ஃபுல்னெஸ் என்று இப்போது எங்கும் பேசப்படுவதன் சாரம் இந்தத் திரும்பி வருதல்தான். இதை மருத்துவமனைக்குள் முறையான எட்டு வாரப் பயிற்சியாகக் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-சின். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தில் அதைத் தொடங்கினார்.

கண்ணை மூடி உட்கார்ந்தாலே போதாதா? இதற்கு எதற்குக் கருவி?

முடிகிறவர்களுக்குப் போதும், கருவி வேண்டியதே இல்லை. என் அனுபவத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலருக்கு அது முடிவதில்லை. கண்ணை மூடியதும் கடனும் ரிப்போர்ட்டும் காலில் ஆறாத புண்ணும் வரிசையாக வந்து நிற்கின்றன. வீட்டிலும் டிவி, குக்கர் விசில், வாசலில் மீன்காரர் என்று இடைவிடாத சத்தம். கருவி அந்தச் சூழலைக் கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் சிறிது நேரம் விலக்கி வைக்கிறது. பார்க்க ஒரு பொருள் இருப்பதால் மனத்துக்குப் பிடிமானம் கிடைக்கிறது. நீச்சல் பழகும் பிள்ளை இடுப்பில் கட்டிக்கொள்ளும் சுரைக்குடுவை போல, பழகும் வரைக்கும் அது தாங்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவத்தில் வி.ஆர். தொடக்கத்தில் பயன்பட்ட வழிகளில் ஒன்று கவனத்தைத் திருப்புவது. 1990களில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹண்டர் ஹாஃப்மனின் குழு, தீக்காயக் கட்டுப் பிரிக்கும்போது நோயாளிகளுக்கு வி.ஆர். காட்சிகளைக் காட்டத் தொடங்கியது. கவனம் அவற்றில் போனதால் வலி குறைவாகத் தெரிந்தது. 2021 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நாள்பட்ட முதுகுவலிக்காக ஒரு வி.ஆர். பயிற்சிக்கு அனுமதி தந்தது. அது எட்டு வாரம், 56 பகுதிகள், ஒவ்வொன்றும் 2 முதல் 16 நிமிடம். அதில் மூச்சுப் பயிற்சியும் கவனப் பயிற்சியும் வலியைப் புரிந்துகொள்ளும் பாடங்களும் கலந்திருக்கின்றன.

கவனத்தைத் திருப்புவது சிறிது நேர ஆறுதல். ஊசிக்குப் பயப்படும் பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடத்துக்கு அது போதும். சர்க்கரை நோயின் பாரமோ வருடக்கணக்கில் இருப்பது, கருவியைக் கழற்றிய பிறகும் அது அங்கேயே இருக்கும். அதனால் கருவிக்குள் பழகியது கருவிக்கு வெளியே கைகொடுக்க வேண்டும். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் நேரத்திலும், பாயசப் பந்தியிலும், ராத்திரி இரண்டு மணிக்குச் சர்க்கரை இறங்கியிருக்குமோ என்று பயந்து விழிக்கும்போதும் அதே நிதானமான மூச்சு நினைவுக்கு வந்தால் அந்தப் பயிற்சி பலித்தது. அப்படி வரவில்லை என்றால், பார்த்தது எவ்வளவு அழகான ஏரியானாலும் அது பொழுதுபோக்கில் முடிந்துவிட்டது என்றுதான் சொல்வேன்.

இதைச் செய்தால் மாத்திரையைக் குறைக்கலாமா?

கூடாது. ஒரு மாத்திரையைக்கூட நீங்களாகக் குறைக்காதீர்கள். கவனப் பயிற்சி நீரிழிவு உளைச்சலைக் குறைக்க உதவுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. அதையே வி.ஆர். கருவி வழியாகச் செய்வது இன்னும் சிறிய ஆய்வுகளின் கட்டத்தில்தான் நிற்கிறது. மனம் லேசாவதால் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண்) தானாகவே இறங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. மனம் லேசானவர் மருந்தையும் நடையையும் விடாமல் பார்த்துக்கொள்வார், அந்த வழியாகத்தான் நன்மையை எதிர்பார்க்கலாம். வி.ஆர். போட்டால் சர்க்கரை குணமாகும் என்று விளம்பரம் வந்தால் அங்கே பணம் கொடுக்காதீர்கள்.

கருவி மாட்டியதும் தலை சுற்றுகிறது, வியர்க்கிறது. பரவாயில்லையா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன், ஏனென்றால் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

வி.ஆர். பார்க்கும்போது சிலருக்குத் தலைசுற்றல், குமட்டல், வியர்வை வரும். நீ நகர்கிறாய் என்று கண் சொல்லும், உட்கார்ந்திருக்கிறாய் என்று உள்காது சொல்லும். அந்த முரண்பாட்டால் வருவது இது. சர்க்கரை இறங்கினாலும் இதே தலைசுற்றல், இதே வியர்வை, இதே படபடப்பு. இரண்டையும் உணர்வால் மட்டும் பிரித்தறிய முடியாது. கருவியால்தான் என்று நினைத்து உட்கார்ந்திருந்தால், இறங்கும் சர்க்கரை ஆளை மயக்கத்தில் தள்ளிவிடும்.

அதனால் இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கருவி மாட்டும் முன் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் கருவியைத் தொடவே வேண்டாம். 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். இன்னும் 70க்குக் கீழேயே இருந்தால் திரும்பவும் அதே அளவு. வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும், அவர்கள் குளுக்கோஸ் பொடியே கரைத்துக் குடிக்க வேண்டும். நடுவில் தலை சுற்றினாலும் இதே ஒழுங்குதான்: முதலில் கருவியைக் கழற்றுவது, உடனே சர்க்கரையைப் பார்ப்பது. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது படபடப்பு தெரியாமலே போகலாம், அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு என்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். கள் குடித்த மாலையில் கருவி வேண்டாம். மது உள்ளே போனால் கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவது தடைபடுகிறது, சர்க்கரை பல மணி நேரம் கழித்தும் இறங்கும். பனை ஏறும் குடும்பங்கள் நிறைந்த இடம் இது, அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எப்போதும் உட்கார்ந்தே செய்யுங்கள். கைப்பிடி வைத்த நாற்காலி நல்லது. கால் மரத்துப்போனவர்களுக்குத் தரை எங்கே இருக்கிறது என்ற உணர்வே குறைவு, அதோடு கண்ணையும் மூடிவிட்டால் நின்ற நிலையில் விழுந்துவிடுவார்கள். பறப்பது, படகில் போவது போன்ற காட்சிகளைத் தவிருங்கள். காமிரா ஓரிடத்தில் நிற்கும் காட்சியில் தலைசுற்றல் குறைவு. சர்க்கரையைக் காட்ட கையில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்கள், அதன் எச்சரிக்கை ஒலி காதில் விழும் அளவுக்குக் கருவியின் சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

கண்ணுக்குக் கெடுதல் வருமா?

வி.ஆர். பார்ப்பதால் சர்க்கரையின் விழித்திரைப் பாதிப்பு உண்டாவதில்லை. ஏற்கெனவே பாதிப்பு முற்றியவர்கள், கண்ணுக்குள் ரத்தக்கசிவு உள்ளவர்கள், அண்மையில் லேசர், கண் ஊசி, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோர் கண் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் மாட்ட வேண்டும். சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் பார்வை மங்கும், அன்று படம் தெளியவில்லை என்று வில்லையைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள். வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை எல்லோருக்கும் அவசியம். கேரள அரசின் ‘நயனாமிர்தம்’ திட்டத்தில் குடும்ப ஆரோக்கிய மையங்களிலேயே விழித்திரையைப் படமெடுத்துப் பார்க்கிறார்கள். உங்கள் மையத்தில் உண்டா என்று விசாரியுங்கள்.

வேறு யார் தவிர்க்க வேண்டும்?

வலிப்பு நோய் உள்ளவர்கள், அடிக்கடி கிறுகிறுப்பு வருபவர்கள், ஒளி பட்டால் ஒற்றைத் தலைவலி வருபவர்கள், இல்லாத குரலும் உருவமும் தெரியும் மனநோய் உள்ளவர்கள், மறதி நோய் உள்ள முதியவர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும், சில கருவிகளில் காந்தமும் ரேடியோ அலைப் பாகங்களும் இருக்கின்றன. இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்கள் பம்பின் கையேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய விபத்தோ அடியோ மனத்தில் ஆறாமல் இருப்பவர்களுக்குக் கண்ணை மறைப்பதே பயத்தைக் கிளப்பலாம், அவர்கள் ஓர் ஆலோசகர் பக்கத்தில் இருக்கத் தொடங்குவது நல்லது.

குரல் ஆங்கிலத்தில் பேசுகிறதே, நாங்கள் என்ன செய்வது?

வேலந்தாவளம் பக்கத்தில் ஒரு பாட்டிக்கு அவர் பேத்தி கருவியை மாட்டிவிட்டபோது நான் உடனிருந்தேன். முதலில் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். பிறகு மெல்ல அண்ணாந்து பார்த்தார், வாய் சற்றே திறந்தது, பிடி தளர்ந்தது. ஊசியிலை மரக்காடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. குரல் பேசத் தொடங்கியதும் பாட்டியின் நெற்றி சுருங்கியது. “சிஸ்டர், இந்தப் பெண் என்ன சொல்லுகிறாள்? நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா?” என்றார். ஆஸ்பத்திரியில் புரியாத மொழியில் யாராவது பேசினால் அவருக்கு வரும் அதே அச்சம் அது. மனத்தை இளக்க வந்த குரலே அவரை மறுபடியும் இறுக்கிவிட்டது.

நாங்கள் கண்ட வழி எளிது. கருவியில் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டோம். பேத்தி தன் போனில் தமிழில் பேசிப் பதிவு செய்து, அதைப் பக்கத்தில் ஓடவிட்டாள். நீங்களும் இப்படிச் செய்யலாம். நிதானமாக, இடைவெளி விட்டுப் பேசி ஐந்து நிமிடத்துக்குப் பதிவு செய்யுங்கள்: “முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கிறது. கை இரண்டும் மடியில் இருக்கின்றன. உள்ளங்கையின் சூட்டைக் கவனியுங்கள். மூச்சு உள்ளே வருகிறது, வரட்டும். வெளியே போகிறது, போகட்டும். சர்க்கரை பற்றிய கவலை வந்தால், வந்துவிட்டது என்று மட்டும் பார்த்துவிட்டு மூச்சுக்கு வாருங்கள்.” வீட்டில் கண்ணு, அம்மணி என்று எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிட்டுப் பதிவு செய்தால் இன்னும் நல்லது.

வழக்கமான பயிற்சிகள் பல, பாதத்தைக் கவனியுங்கள் என்றுதான் தொடங்குகின்றன. கால் மரத்துப்போனவரிடம் அப்படிச் சொன்னால் அவர் தேடுவது அங்கே கிடைக்காது, போய்விட்ட உணர்வை எண்ணி இன்னும் கலங்குவார். அதனால்தான் மேலே உள்ளங்கையில் தொடங்கியிருக்கிறேன். வெளியூர்ச் செயலிகளில் இதற்கான வசதி இருக்காது, நம் வீட்டில் யாருக்குக் கால் மரத்திருக்கிறது என்பது நமக்குத்தான் தெரியும்.

காட்சியையும் மாற்றலாம். 360 டிகிரி காமிராவில் எடுத்த காட்சிகள் யூடியூபில் உண்டு. ஊசியிலைக் காட்டைவிட, காற்றில் ஆடும் பனையும் பச்சை வயலும் தொலைவில் மலைத்தொடரும் நம் ஆட்களுக்கு உடனே பிடித்துப்போகின்றன. நெல்லியாம்பதி மலை தெரியும் வயல்வெளியை யாராவது அந்தக் காமிராவில் பத்து நிமிடம் ஒரே இடத்தில் நிறுத்தி எடுத்தால் நம் தாலுகா முழுக்கப் பயன்படும். நம் பள்ளி, கல்லூரி மாணவர்களால் முடிகிற வேலைதான்.

மொழி விஷயத்தில் உங்களுக்கு உரிமையும் இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். நீரிழிவு, மனநலம் பற்றிய துண்டுப் பிரசுரங்களைத் தமிழில் கொடுங்கள் என்று தமிழிலேயே மனு எழுதுங்கள். நான் எழுதித்தர உதவுகிறேன்.

விலை என்ன ஆகும்?

தனியாக இயங்கும் நல்ல கருவி பல ஆயிரம் ரூபாய் ஆகும். அதற்காகக் கடன் வாங்காதீர்கள். போனைச் செருகிப் பார்க்கும் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 2014இல் கூகுள் கொண்டுவந்த அட்டைப் பெட்டி பிரபலமாக்கிய முறைதான் அது. போனில் ஜைரோஸ்கோப் இருக்க வேண்டும், இல்லையென்றால் தலையைத் திருப்பினாலும் படம் திரும்பாது. பெட்டி வாங்கும் முன் போனைக் கடையில் வைத்துச் சோதியுங்கள். அந்தப் பணத்தையும் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் வாங்கும் பணத்தையும் தராசில் வைத்தால், ஸ்ட்ரிப்தான் முதலில்.

எத்தனை நிமிடம், எந்த நேரத்தில்?

முதல் வாரம் மூன்று நிமிடம் போதும். பழகியபின் பத்து நிமிடம் வரை போகலாம். வெறும் வயிற்றில் வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். மாலைக் காபி, பலகாரம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துச் செய்வது பலருக்கு ஒத்துவருகிறது. கழற்றியதும் எழுந்துவிடாமல், வெறும் கண்ணோடு அதே மூச்சை இரண்டு நிமிடம் தொடருங்கள். இந்த இரண்டு நிமிடத்தை யாரும் விட்டுவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கருவியில்லாமல் செய்யும் பழக்கம் அங்கேதான் உருவாகிறது. மாதம் ஆக ஆக, கருவி போடும் நாட்களைக் குறைத்து, வெறுமனே உட்காரும் நாட்களைக் கூட்டுங்கள்.

ஒரே கருவியைக் குடும்பமே பயன்படுத்தினால் முகம் படும் பஞ்சை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோல் தொற்று எளிதில் வரும்.

தியானம் என்கிறீர்கள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், இது சரிப்படுமா?

தாராளமாக. இதில் மந்திரமோ சாமி படமோ கிடையாது, மூச்சைக் கவனிப்பது மட்டுமே. ஜெபமாலையோ தஸ்பீஹோ உருட்டும்போது மனம் அமைதி அடைகிறது என்பவர்கள் அதையே தொடரலாம், கருவி எதற்கு?

வீட்டில் எல்லோரும் கேலி செய்கிறார்கள். என்ன செய்ய?

கேலிக்குப் பின்னால் பெரும்பாலும் பயம்தான் இருக்கிறது, அம்மாவுக்கு மனநோயோ என்ற பயம். அவர்களையும் ஒருமுறை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பந்தியில் நடப்பதைப் பேசுங்கள்: “நான் என்ன சாப்பிட வேண்டும் என்று எல்லோர் முன்னும் சொல்லாதீர்கள், தனியாகச் சொல்லுங்கள்.” இந்த ஒரு வாக்கியத்தை ஓர் அம்மா தன் மகனிடம் சொல்லப் பல வருடம் காத்திருந்தார். சொன்ன பிறகு அவர் கருவியைத் தேடவேயில்லை. உளைச்சலின் காரணம் ஆட்களிடம் இருந்தால் ஆட்களோடு பேசித்தான் தீர்க்க வேண்டும்.

குழந்தைக்கு டைப் 1 சர்க்கரை நோய். அவனுக்குக் கருவியைக் கொடுக்கலாமா?

கருவி நிறுவனங்கள் வயது வரம்பு போட்டிருக்கின்றன, பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். பதின்ம வயதினருக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, சில நிமிடம் மட்டும் கொடுக்கலாம். அந்த வயதில் முக்கியமான உளைச்சல் பள்ளியில் இருக்கிறது. கழிவறைக்குள் ஒளிந்து ஊசி போடும் பிள்ளைக்குக் காடு காட்டினால் போதாது, ஆசிரியரிடம் பேச வேண்டும். கேரளத்தில் டைப் 1 பிள்ளைகளுக்கான ‘மிட்டாயி’ திட்டத்தில் இன்சுலினும் தொடர் கண்காணிப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்னும் சேராதவர்கள் உடனே விசாரியுங்கள்.

இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

முதலில் உங்கள் குடும்ப ஆரோக்கிய மையத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் நாளில் நர்ஸிடம் சொல்லுங்கள். “சர்க்கரையை நினைத்தாலே வெறுப்பாக இருக்கிறது” என்று நேராகச் சொன்னால் போதும். மனச்சோர்வைக் கண்டறிய ‘ஆஸ்வாசம்’ என்ற திட்டமும் அங்கே உண்டு. ஆஷா பணியாளர் வீட்டுக்கு வரும்போதும் சொல்லலாம். அவர் உங்கள் தெருக்காரராகவே இருப்பதால் கூச்சமாக இருந்தால் போனில் பேசுங்கள். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை இரவு பகலாக இயங்குகிறது, கட்டணம் இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவையில் தமிழிலும் பேசலாம், எடுத்ததும் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். கேரளத்தின் ‘திஷா’ உதவி எண் 1056. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே 14416ஐ அழையுங்கள். வீட்டில் இருக்கும் இன்சுலினையும் மாத்திரைகளையும் அன்று இரவு அவரே வைத்திருக்கட்டும், வேளைக்கு வேண்டியதை அவரே எடுத்துத் தரட்டும்.